வெறும் கடுப்பு

அந்த மருத்துவமனையில் யாருக்கும் குணமாகாமல் இருந்ததே கிடையாது. வரும்போது உடம்பு சரியில்லாமல் வந்திருக்கலாம். அதை நிர்வாகமும் மறுக்கவில்லை. ஆனால் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் கடைசி மாத்திரை தொண்டைக்குள் இறங்கிய நொடியிலிருந்து நோயாளி குணமானவர். மாத்திரை வேலை செய்ததா இல்லையா என்பது மாத்திரையின் சொந்த விஷயம். அதில் மருத்துவமனை தலையிடுவதில்லை.

இது தெரியாமல்தான் அவள் அங்கே போய் மாட்டிக்கொண்டாள். நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவள். குரல் அப்படி என்பதால் டிப்போவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். வண்டியை நடுவழியில் நிறுத்த முடியாதே என்று வருஷக்கணக்கில் தண்ணீர் குடிக்காமலும், குடித்த தண்ணீரை வெளியே விடாமலும் ஓட்டியதற்கு உடம்பு ஒரு நாள் கணக்குத் தீர்த்தது. நீர்க்கடுப்பு வந்தது. இளம் டாக்டர் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலேயே மாத்திரை எழுதினார். அவளும் வேளை தவறாமல் விழுங்கினாள்.

கடைசி மாத்திரை முடிந்த அன்று மருத்துவமனையே அவளைக் கூப்பிட்டு அனுப்பியது. வரவேற்புக் கூடத்தில் சின்ன மேடை, மாலை போட்ட மைக், கைதட்ட நாலு நர்ஸ்கள். குணமானவர்கள் மேடை ஏறி வெண்கல மணியை அடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. தலைமை மருத்துவர் வந்து பேசினார். குணமான சதவீதத்தைத் தவிர வேறெதையும் அவர் பேசமாட்டார் என்பதால் ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை நூற்றுக்குநூறு என்பார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. அவளுக்கோ அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தப் படம் ஆளுயரச் சுவரொட்டியாக வாசலில் நின்றது. கீழே 'ஆனந்தக் கண்ணீர்!' என்று எழுதியிருந்தது.

சுவரொட்டி காய்வதற்குள்ளாகவே எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் திரும்பி வரவில்லை, அது போகவே இல்லை. முன்பு ஒளிந்து இருந்தது, இப்போது உரிமையோடு உட்கார்ந்தது. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி ஓட வேண்டியிருந்தது. ஓடிப் போனால் வருவது நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் நெருப்பு. திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் மறுபடியும் முட்டும். பயணிகள் புகார் சொன்னார்கள். டிப்போ மேலாளர் கூப்பிட்டார்.

"நீ பஸ் ஓட்டுறியா, இல்ல ஊர்ல இருக்கிற பாத்ரூமையெல்லாம் சுத்திக் காட்டுறியா?"

"நீர்க்கடுப்பு இன்னும் சரியாகல சார்."

"சரியாகலையா? ஆஸ்பத்திரி வாசல்ல ஆனந்தக் கண்ணீர் வடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு, உன் அக்காவா? குணமானவ நடுவழியில நிறுத்தினா, வேணும்னே நிறுத்துறான்னுதானே அர்த்தம்? இன்னும் ஒரு புகார் வரட்டும், ஸ்டியரிங்கை மறந்துட்டு ஷெட்டுல வண்டி கழுவப் போயிடு."

வேறு மருத்துவமனைக்கும் வழியில்லை. கம்பெனி ஓட்டுநர்களுக்கு அது ஒன்றுதான் செல்லும். வேறு டாக்டர் என்ன சொன்னாலும் மேலாளருக்கு அது செல்லாத காசு. ஆக, அங்கேயே போய், தனக்கு இன்னும் குணமாகவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தால்தான் வேலை தங்கும்.

வரவேற்புப் பெண் அவளைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"அடடே, நம்ம போஸ்டர் மேடம்! யாரைப் பார்க்க வந்தீங்க?"

"டாக்டரைத்தான். கடுப்பு இன்னும் இருக்கும்மா."

அந்தப் பெண் கணினியில் தேடினாள். முகம் சுருங்கியது, பிறகு தெளிந்தது.

"நீர்க்கடுப்பு குணமாயிடுச்சுன்னு இருக்கே மேடம். குணமானதை மறுபடி போட்டா மிஷின் வாங்காது. இப்ப நீங்க சொல்றது வெறும் கடுப்பு. வெறும் கடுப்புக்கு டாக்டர் கிடையாது, மனமகிழ்ச்சிப் பிரிவுதான். நேரா போய் இடது பக்கம்."

"அம்மா, நீரும் இருக்கு, கடுப்பும் இருக்கு!"

"கத்தாதீங்க மேடம். பாருங்க, எவ்வளவு கடுப்பா இருக்கீங்க! சரியான இடத்துக்குத்தான் அனுப்புறேன்."

மனமகிழ்ச்சி அலுவலர் மெத்தென்ற ஆள், குரலும் மெத்தென்று இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி, பிறகு கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. யார் மேல கடுப்பு?"

"மேல இல்லைங்க. கீழ."

"கீழ வேலை செய்றவங்க மேலயா? அது ரொம்ப சகஜம். எப்பெல்லாம் வருது?"

"ஒண்ணுக்குப் போறப்ப."

அலுவலர் கண்ணைத் திறந்து அவளைப் பரிவோடு பார்த்தார்.

"உங்க பிரச்சினை புரிஞ்சுடுச்சு. நீங்க ஒண்ணுக்குப் போறதை வெறுக்கிறீங்க. சின்ன வயசுல யாரோ திட்டியிருக்காங்க. இனிமே போறப்பல்லாம் அதை வரவேற்கணும். 'வா, உன்னை நேசிக்கிறேன்'னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. சொல்லாதவர்களுக்குச் சிரிப்புப் பயிற்சி என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். நிறைந்த அடிவயிற்றோடு வட்டமாக நின்று வயிறு குலுங்கச் சிரிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. சிரித்தவர்கள் மத்தியிலிருந்து அவள் பாதியில் ஓடியதை, பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? சீசாவில் கொண்டுபோய் நீட்டினால் என்ன செய்வார்கள்? நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் நீட்டினாள். கூடத்தின் தலைவர் சீசாவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"குணமானவங்களோடது! இதுக்காகத்தாம்மா தவம் கிடந்தோம். இங்க வர்றதெல்லாம் சீக்காளிங்க மூத்திரம். ஆரோக்கியமான மூத்திரம் எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்க எங்ககிட்ட ஒரு சொட்டு கிடையாது."

"சார், கலங்கலா இருக்குங்களே. வாடை வேற."

"அதான் ஆரோக்கியத்தோட நிறம்னு இன்னிக்குத்தானே எனக்கே தெரியுது! நீங்க வெறும் மாதிரி இல்லம்மா, முன்மாதிரி."

அன்றிலிருந்து வந்த நோயாளிகளின் சிறுநீரையெல்லாம் அவளுடையதோடு ஒப்பிட்டார்கள். எல்லாருடையதும் அவளுடையதைவிடத் தெளிவாக இருந்தது. ஆகவே எல்லாரும் நலம். மாத்திரையை முடிக்காமல் ஓடியவர்களால் அதுவரை தொண்ணூறுகளில் தள்ளாடிக்கொண்டிருந்த சதவீதம் ஒரே மாதத்தில் நூற்றில் போய் நின்றது. மணி அடித்து அடித்து மணியின் நாக்கு கழன்று விழுந்ததாகவும் சொன்னார்கள்.

அவளோ முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக வலி தொடங்கியிருந்தது. அவளுடைய நாத்தனார், அதே கம்பெனியில் பேருந்துப் பணிப்பெண், பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அண்ணி, இது மேல கிட்னிக்கு ஏறுதுன்னு நினைக்கிறேன். கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகுதுன்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட் இருக்காமே. கல்ச்சர்னு பேராம். முதல்லயே அதை எடுத்திருக்கணும். அந்த டாக்டரை விடாதீங்க."

மறுநாள் இளம் டாக்டரை நடைபாதையில் மடக்கிக் கேட்டாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டெஸ்ட் இருக்குங்க. செஞ்சுதான் ஆகணும். ஆனா அதை எழுதணும்னா உங்களுக்குக் குணமாகலைன்னு எழுதணும். உங்க முகம் வாசல்ல அவ்வளவு பெருசா நிக்குது. அதை மீறி எழுதினா நான் வாசலுக்கு வெளிய நிக்கணும். பெரியவர்கிட்டயே கேளுங்களேன்."

பெரியவர் என்றால் நூற்றுக்குநூறு. அவர் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார். பிறகு பேசினார். நிர்வாகம் என்று வந்துவிட்டால் தனி ஆளிடமும் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"தாயே, நோய் என்பது ஒரு உணர்வு. குணம் என்பது ஒரு முடிவு. உணர்வு உங்களுடையது, முடிவு நிர்வாகத்துடையது. உங்களுக்குக் குணமாகவில்லை என்று நான் ஒப்புக்கொண்டால், உங்களைப் பார்த்துக் குணமான இத்தனை பேரின் கதி என்ன? ஒருத்தியின் நாலு சொட்டுக்காக ஒரு மாபெரும் நிறுவனத்தின் நம்பிக்கையைக் கரைக்கலாமா? கொஞ்சம் பொதுநலமும் வேண்டும் அல்லவா? நிறையத் தண்ணீர் குடியுங்கள்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை அடக்கினாள். அவளால் அடக்க முடிந்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் மருத்துவமனைக்கு முழுக்குண விருது கிடைத்தது. விழா வேறு ஊரில், அரை நாள் பயணம். டியூட்டிக்கு நாலு பேரை விட்டுவிட்டு, மற்ற ஊழியர்கள் எல்லாரும் போக ஒரு சொகுசுப் பேருந்து அமர்த்தினார்கள். அமர்த்தும்போதே நூற்றுக்குநூறு ஒரு நிபந்தனை போட்டார்: வண்டியை போஸ்டர் மேடம்தான் ஓட்ட வேண்டும். விழா மேடையில் அவளை ஏற்றி, எங்கள் குணமே எங்களை ஓட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லிக் கைதட்டு வாங்க வேண்டும். டிப்போ மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுக்கும் உள்ளே ஏதோ குளிர்ந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

புறப்படும்போது நூற்றுக்குநூறு வெளிர் நிறத்தில் புத்தம் புதுச் சூட் போட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"அம்மா, போன தடவை இவங்க வழியெல்லாம் இறங்கிக் கடை கடையா ஏறி என் மானத்தை வாங்கிட்டாங்க. இந்தத் தடவை பயணிகளுக்குன்னு எங்கயும் நிறுத்தம் கிடையாது. யார் கேட்டாலும் கதவைத் திறக்காதே. நானே கேட்டாலும் திறக்காதே. நேரத்துக்குப் போய்ச் சேரணும்."

"சரிங்க சார். நீங்களே கேட்டாலும் திறக்க மாட்டேன்," என்றாள் அவள்.

வண்டி கிளம்பியதும் தண்ணீர் உறுதிமொழி நடந்தது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, நலமே நீர், நீரே நலம் என்று மூன்று தடவை முழங்கி, ஒரே மூச்சில் குடித்துக் காலிப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். படம் சரியாக வரவில்லை என்று நூற்றுக்குநூறு எல்லாரையும் இன்னொரு பாட்டில் குடிக்க வைத்தார். அந்த வண்டிக்குப் பணிப்பெண்ணாக வந்திருந்த நாத்தனார் சிரித்த முகத்தோடு பாட்டில் பாட்டிலாக எடுத்துக் கொடுத்தாள். அவள் இவ்வளவு ஆசையாக யாருக்கும் பரிமாறி அண்ணிக்காரி பார்த்ததில்லை.

நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே ஹாரனுக்கு முட்டியது. பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை ஒதுக்கினாள். தன் பக்கக் கதவு வழியாக இறங்கிப் போனாள். பின்னால் சிலர் எழுந்தார்கள். நாத்தனார் மைக்கை எடுத்தாள்.

"அனைவரும் அமரவும். இது ஓட்டுநர் நிறுத்தம். பயணிகள் நிறுத்தம் இந்தப் பயணத்தில் இல்லை."

எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவள் திரும்பி வந்தாள், வண்டி போயிற்று.

அடுத்த பங்க்கில் மறுபடி நிறுத்தினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போவதையும், கதவு சாத்திக்கொள்வதையும், சாவகாசமாக வெளியே வருவதையும், குழாயைத் திறந்து கை கழுவுவதையும் கண்ணாடி வழியாகப் பேருந்தே பார்த்தது. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு மனமகிழ்ச்சி அலுவலர் முனகினார். முதலில் எழுந்து வந்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் கதவைத் திறக்கச் சொல்லும்மா. அவசரம்."

"சார், நீங்க ஏறுறதுக்கு முன்னாடி போனீங்களா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"போனேன்."

"போயிட்டீங்கன்னா முடிஞ்சுடுச்சே சார். முடிஞ்சதை மறுபடி எப்படிப் போடுறது? நிறைய பேர் கஷ்டமா உட்கார்ந்திருக்கீங்க, ஒரு சிரிப்புப் பயிற்சி குடுங்களேன். வயிறு குலுங்க."

அவர் அவளை வெறித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பினார். வரவேற்புப் பெண் பின்பக்க அவசர வழியின் பிடியில் கை வைத்தாள்.

"தீ விபத்தா மேடம்? வண்டி கவுந்துடுச்சா?" என்று நாத்தனார் மைக்கிலேயே கேட்டாள். "வெறும் அவசரத்துக்கு அந்தக் கதவு கிடையாது மேடம்."

மூன்றாவது தடவை அவள் வண்டியை நிறுத்திய இடத்தில் கழிப்பறைகள் வரிசையாக இருந்தன. வெள்ளையடித்து, கதவெல்லாம் திறந்து, ஆளில்லாமல். அவள் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பரிசோதனைக்கூடத் தலைவர் முன் இருக்கையின் முதுகைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"திறம்மா!" என்று முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. நூற்றுக்குநூறு எழுந்து நிற்க முயன்று, எழாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்திருந்தார்.

"நீங்களே கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னீங்களே சார்."

"நான்தாம்மா சொன்னேன், நானே மாத்துறேன்!"

"அப்ப நீங்க சொன்னதை நீங்களே மாத்தலாம்ங்கிறீங்க. சரி, இன்னொண்ணும் சொல்லியிருக்கீங்க, அதையும் மாத்துங்க. எனக்குக் குணமாகலைன்னு மைக்கில சொல்லுங்க. இந்த டாக்டர் இப்பவே போன் போட்டுக் கல்ச்சர் டெஸ்ட்டுக்குச் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் திறக்கிறேன்."

இளம் டாக்டர் துள்ளி எழுந்தார். "நான் சொல்றேன்! இப்பவே சொல்றேன்! எல்லாருக்குமே எழுதுறேன்!"

"உட்காருய்யா!" என்று நூற்றுக்குநூறு கத்தினார். கத்தியதில் ஏதோ தளர்ந்தது போலிருந்தது. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாத்தனார் மைக்கை அவர் வாயருகே பிடித்தாள். பழக்கதோஷம், மைக்கைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பெருமதிப்பிற்குரிய ஊழியர்களே! பயணத்தின் இந்தக் கட்டத்தில் ஒரு நீர்சார்ந்த சூழல் உருவாகியிருப்பதை நிர்வாகம் கவனத்தில் எடுத்துக்கொண்டுள்ளது. ஆனால் ஒரு நிறுவனத்தின் நூறு சதவீதத்தை…"

"யோவ், சொல்லித் தொலைய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. அது மனமகிழ்ச்சி அலுவலருடையது. அடுத்த நொடி பேருந்து முழுவதும் நூற்றுக்குநூறு மேல் பாய்ந்தது. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வரவேற்புப் பெண் அழுதே விட்டாள். பரிசோதனைக்கூடத் தலைவர் மைக்கைப் பிடுங்கி, அந்தச் சீசா கலங்கல்தான், வாடைதான், பார்த்ததுமே தெரியும், சதவீதம் ஏறியதால் வாயை மூடிக்கொண்டோம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

அப்போதும் அவர் தாக்குப்பிடித்தார். நூற்றுக்குநூறு ஆயிற்றே! நெற்றியில் வேர்வை வழிந்தது, ஒரு தரம் கண்ணில் தண்ணீர்கூடத் தளும்பியது. அவளுக்கு இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. நன்றாக இருந்தது. முதுகு வலியோடு ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியில் அவர் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள்.

கடைசியில் மேடைத் தமிழ் கழன்று விழுந்தது.

"குணமாகலம்மா! உனக்குக் குணமாகல! யாருக்கும் ஆச்சான்னு எனக்குத் தெரியாது! டெஸ்ட் எடுத்தா ஆகலைன்னு தெரிஞ்சுடும்னுதான் எடுக்க விடல! போதுமா? திறம்மா!"

இளம் டாக்டர் அதற்குள் போனில் சோதனைக்குச் சொல்லி, அவள் காதிலும் விழும்படி இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தார். அந்தச் சோதனையில், எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கிருமி பலகாரம்போலத் தின்று கொழுத்துக் கிடந்தது தெரிந்ததும், வேறு மருந்து கொடுத்து அவள் எரிச்சலும் முதுகு வலியும் நின்றதும், குணமாகவில்லை என்று எழுதிய தாளை மேலாளர் மேஜையில் அவள் ஓங்கி வைத்ததும் பிறகு அதே மாதத்தில் நடந்தன.

வண்டியில் இப்போது அவள் பொத்தானை அழுத்தினாள். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. மருத்துவமனையே இறங்கி ஓடியது. நர்ஸ்கள், டாக்டர்கள், அலுவலர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை.

நாத்தனார் மரியாதையாகக் கேட்டாள். "சார், நீங்க போகலையா?"

நூற்றுக்குநூறு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போக வேண்டிய அவசியம் முடிந்துவிட்டிருந்தது.

மிச்ச வழியில் ஒருமுறை அவர், இங்கே பேசியதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஹாரன் அன்று ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தாமதம் இல்லை. விழா அரங்கின் வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்து, விளக்குகளைப் போட்டு, இரண்டு பக்கமும் கேமராக்களோடு காத்திருந்தார்கள். பேருந்தின் படிக்கட்டு கம்பளத்தின் விளிம்பைத் தொடும்படி கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஊழியர்கள் எல்லாரும் எழுந்து, தலைவர் முதலில் இறங்கட்டும் என்று பணிவோடு வழிவிட்டு நின்றார்கள்.

நூற்றுக்குநூறு கையெடுத்துக் கும்பிட்டார். வெளிர் நிறச் சூட்டில் ஈரம் முழங்கால்வரை இறங்கியிருந்தது.

"அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். கதவைத் திறக்காதே. இன்னும் ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வா. காத்துல காயட்டும்."

அவள் திரும்பி அவரை முழுவதுமாக ஒருமுறை பார்த்தாள். வெளியே பேண்டு வாத்தியம் தொடங்கியது.

"காயுற வரைக்கும் எல்லாம் நிறுத்தி வைக்க முடியாது சார். எனக்குப் பாத்ரூம் வருது," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.